சொல்லிக்கொண்டு போனவள்

ஜனவரி 6, திங்கள். லூதியானா

குளிர் என்றால் ஊட்டிக் குளிர் என்று நினைத்து ஒரே ஒரு ஸ்வெட்டரோடு வந்து இறங்கிவிட்டேன். ஊர் உலகத்துக்கெல்லாம் கம்பளி பின்னிப் போடுகிற ஊரில் நின்றுகொண்டு பல் கிட்டுகிறது. தரணிக்கு ஒரே சிரிப்பு. ஓடிப்போய் ஒரு சால்வை வாங்கிவந்து போர்த்திவிட்டான்.

தரணி என் கொழுந்தன். நான் கல்யாணமாகி வந்தபோது மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். பையை மாட்டிக்கொண்டு "அண்ணி, போறேன்" என்று ஓடுவான். நான் விடமாட்டேன். திரும்பக் கூப்பிட்டு, "போயிட்டு வர்றேன்னு சொல்லுடா" என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவேன். அவன் இன்று எனக்கு இந்தி, இங்கிலீஷ், ரூம் சாவி எல்லாம்.

காலையில் கிர்பால் சிங் அவர்களின் மில்லுக்குப் போனோம். பெரியவர், வெள்ளைத் தாடி. பஞ்சாப், ஹிமாச்சல், ஜம்மு வரைக்கும் கடைகளுக்குக் குளிர்காலத் துணி போடுகிறவர். கோடைக்குப் பிள்ளைகளுக்குப் பருத்தித் துணி வேண்டுமாம். அதை நாங்கள் கொடுத்தால் எங்கள் பனியன் கம்பெனி பிழைக்கும். இல்லையென்றால் பொங்கல் கழித்து மெஷினைத் துணி போட்டு மூட வேண்டியதுதான். என் வீட்டுக்காரருக்கு, தரணியின் அண்ணனுக்கு, வாதம் வந்து வலது கையும் பேச்சும் போன நாளிலிருந்து ஒவ்வொரு ஆர்டராகக் கழன்றுகொண்டே வருகிறது. தரணி இல்லாவிட்டால் இந்தப் பெரியவரைக் கண்டுபிடித்தே இருக்க மாட்டேன். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

சாம்பிளைக் கொடுக்கும் முன் வழக்கம்போல ஒரு கவுனை உள்புறம் திருப்பி, தோள் தையலை மேலுதட்டில் தேய்த்துப் பார்த்தேன். கை மரத்த கை, அதற்கு ஒன்றும் தெரியாது. உதட்டுக்குத் தெரியும். பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கவுனை வாங்கி அவரும் அப்படியே தேய்த்தார். மீசைதான் குறுக்கே நின்றது. எல்லோரும் சிரித்துவிட்டோம். கழுத்து லேபிளில் சிவப்பு நூல் எதற்கு என்று கேட்டார். எங்கள் துணிக்குச் 'சின்னக்கண்ணு' என்று பெயர் வைத்ததும் என் வீட்டுக்காரர், லேபிளைச் சிவப்பு நூலில்தான் தைக்க வேண்டும், பிள்ளைக்குக் கண் படாது என்றவரும் இவர். தரணி அதை இந்தியில் சொன்னான். பெரியவருக்குப் பிடித்துவிட்டது.

கிளம்பும்போது வெறுமனே எழுந்துவர எனக்கு மனசு வரவில்லை. நம் கம்பெனி பீகார்ப் பையன்களிடம் பொறுக்கிய இந்தியை வைத்து, போயிட்டு வர்றேன் என்பதை "ஹம் ஜாக்கே ஆத்தா ஹை" என்று கும்பிட்டேன். பெரியவர் முகம் மலர்ந்து ஏதோ சொன்னார். அவர் மருமகள் ஜஸ்லீனும் வேகமாகத் தலையாட்டினாள்.

வெளியே வந்ததும் தரணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "அண்ணி, உங்க இந்தி டைலர் பசங்ககிட்ட வேல வாங்கத்தான் ஆகுங்க. இங்கெல்லாம் பேசாதீங்க. பெரிய பார்ட்டி. சிரிச்சுருவாங்க."

சரி, பேசவில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

பெரியவர் அவசரமாக டெல்லி போய்விட்டாராம். வர இரண்டு மூன்று நாள் ஆகுமாம்.

ஹோட்டல் வரவேற்பில் ஒரு பளபளப்புத் தாள் வைத்திருக்கிறார்கள். வியாபாரத்துக்கு வந்து வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ஒருநாள் சுற்றுலா. காலையில் கார் வரும், இருட்டுவதற்குள் கொண்டுவந்து விட்டுவிடும். பொற்கோயில், பாட்டியாலா கோட்டை, அனந்தபூர், சண்டிகர் என்று நாலு படம்.

"ரூம்ல உக்காந்து செவுத்தயே பாத்துட்டு என்னுங்க பண்ணப் போறீங்க? அமிர்தசரஸ் போயிட்டு வாங்க அண்ணி. வண்டி சொல்லிட்டேன்" என்றான்.

"நீ வல்லியா?"

"எனக்குத் தலவலிங்க. படுத்துத் தூங்கறேன்."

வண்டிக்காரர் பெயர் ஜக்தார். என் வீட்டுக்காரர் வயசு இருக்கும். வழிநெடுக மஞ்சள் கடுகுப் பூ. கோயிலில் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, ஜில்லிட்ட பளிங்கில் வெறுங்காலோடு நடந்ததில் பாதம் மரத்துப் போனது. அன்னதானக் கூடத்தில் தரையில் உட்கார்ந்தேன். சப்பாத்தி கொண்டுவந்தவரிடம் தட்டை நீட்டினேன், அவர் போடாமல் நின்றார். பக்கத்து அம்மாள் என் இரண்டு கைகளையும் பிடித்துச் சேர்த்து ஏந்தவைத்தாள். கையேந்தினால்தான் போடுவார்களாம். இத்தனை வருஷம் யாரிடமும் கையேந்தாத திமிர் எனக்கு உண்டு. ஏந்தியதும் என்னமோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவர் கை குணமாக வேண்டும், கம்பெனி நிற்க வேண்டும், இரண்டையும் கேட்டுவிட்டு வந்தேன்.

திரும்பியபோது தரணி வாசலிலேயே நின்றான். பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவன் பேண்டில் முழங்காலுக்குக் கீழே நீலக் கம்பளிப் பிசிறு ஒட்டியிருந்தது. தட்டிவிட்டேன். ரூம் கம்பளியில் படுத்திருப்பான்.

ரூம் கம்பளி சாம்பல் நிறம். என்னவோ.

ஜனவரி 8, புதன்

இன்றும் டெல்லிதானாம். அனந்தபூர் போகச் சொன்னான், போனேன். மலை, ஆறு, வெள்ளை வெளேரென்று குருத்வாரா. கண் பார்த்தது, மனசு பார்க்கவில்லை.

காலையில் கிளம்பும்போது நூல் வெட்டுகிற என் ட்ரிம்மர் கத்தரியைக் கேட்டான். நகம் வெட்டவாம். கொடுத்தேன்.

ஜனவரி 9, வியாழன்

எங்கும் போகவில்லை. எனக்கு ஜலதோஷம். "அப்ப ரூமை விட்டு வெளிய வராதீங்க, குளுருக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுத் தரணி புதுக் கோட்டு மாட்டிக்கொண்டு, நடக்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பினான். நடக்கப் போகிறவனுக்குச் சாம்பிள் பை எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன், தும்மல் வந்துவிட்டது.

மகள் போன் போட்டு இவர் காதில் வைத்தாள். ரொம்ப நேரம் மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு, "ஆ... ச்சா?" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அவர் எவ்வளவு பாடுபடுவார் என்று எனக்குத் தெரியும்.

"ஆயிருமுங்க. தரணி பாத்துக்கறான். நீங்க மாத்திரையை மட்டும் போடுங்க" என்றேன்.

சிரித்தார். தம்பி பெயரைக் கேட்டால் சிரிப்பார்.

சாயங்காலம் கத்தரி திரும்ப வந்தது. இரண்டு அலகுக்கு நடுவே சிவப்பு நூல் துணுக்கு ஒன்று சிக்கியிருந்தது. ஊதிவிட்டுப் பையில் போட்டேன். நம் கம்பெனியில் எதைத் தொட்டாலும் நூல்தான். பழைய நூலாக இருக்கும்.

ஜனவரி 10, வெள்ளி

பாட்டியாலா. தாளில் இரண்டாவது படம். கோட்டையைச் சுற்றிக் காட்டிய ஆள் ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி ராஜா கதை சொன்னான். எந்த ராஜா, யார் மகன், யார் யாரைக் கவிழ்த்தார்கள் என்று ஒன்றும் புரியவில்லை. அண்ணன் தம்பிச் சண்டை என்பது மட்டும் கை ஜாடையில் புரிந்தது. போதும் என்று வந்துவிட்டேன்.

டீக்கடையில் ஜக்தார் பஞ்சாபிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தில் கிர்பால் சிங் படம். ஏதோ பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் கொடுக்கிறார். எனக்குத் திக்கென்றது. லூதியானாவா என்று கேட்டேன். லூதியானாதான் என்றார். எப்போது என்றேன். "கல்" என்றார்.

இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நம் பையன்களோடு நான் படாத பாடு கிடையாது. நேற்றுக்கும் 'கல்'தான், நாளைக்கும் 'கல்'தான். 'கல்' லீவு வேண்டும் என்பான், நாளைக்கு என்று நினைத்துத் தலையாட்டினால் நேற்று வராததற்குச் சொன்னேன் என்பான். ஜக்தாரிடம் கையை முன்னால் காட்டிக் கேட்டேன், பின்னால் காட்டிக் கேட்டேன். அவர் டீ வேண்டுமா என்று கேட்கிறேன் போல என்று இன்னொரு டீ சொல்லிவிட்டார்.

நாளைக்குத்தான் கொடுக்கப் போகிறாராக இருக்கும். முன்னாலேயே படம் போட்டிருப்பார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

தரணியிடம் கேட்கவில்லை. அவனே சொன்னான்: "பெரியவர் திங்கக்கெழமதான் வர்றாராமுங்க. போகிக்கு நாம ஊருக்குக் கெளம்பிருவோம். மீதிய நான் போன்ல பேசிக்கறேன். நாளைக்குச் சண்டிகர் பாத்துருங்க அண்ணி, அது ஒண்ணுதான் பாக்கி."

அவன் பேண்டில் இன்று பச்சைப் பிசிறு. நான் தட்டிவிடவில்லை.

ஜனவரி 11, சனி

பனி. அதனால் வண்டி பாதி வழியில் திரும்பிவிட்டது.

என் நோட்டிலேயே நான் பொய் எழுதி யாரை ஏமாற்றப் போகிறேன்? பனி இருந்தது. ஜக்தாருக்கு அது ஒரு பனியே இல்லை, பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டினார். சம்ராலா தாண்டியதும், "வாபஸ்" என்றேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். "கிர்பால் சிங் மில்" என்றேன். கண்ணாடி வழியாக ஒரு தடவை பார்த்தார். வண்டியைத் திருப்பினார்.

ஒன்றும் இருக்காது, போய் அசிங்கப்பட்டுத் திரும்பப் போகிறேன், அப்புறம் தரணி முகத்தில் எப்படி விழிப்பேன் என்று வழி முழுக்க அதுவே ஓடியது. அசிங்கப்பட்டால் போதும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

மில் வாசலில் இருந்தே கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தெரிந்தது. மேசைக்கு ஒருபுறம் பெரியவர், மறுபுறம் என் தரணி. நடுவில் எங்கள் சாம்பிள்கள். அந்தப் புதுக் கோட்டைப் போட்டிருந்தான். நான் கதவைத் தள்ளியதும் எழுந்தான், நாற்காலி பின்னால் விழுந்தது.

பெரியவர் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தார். "ஆ கயி! ஆ கயி!" வந்துவிட்டாள், வந்துவிட்டாள் என்று மருமகளைக் கூப்பிட்டு மேசையைத் தட்டிச் சிரித்தார். பந்தயத்தில் ஜெயித்தவர் மாதிரி.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜஸ்லீன்தான் என்னை உட்காரவைத்து, எனக்குப் புரிகிற மாதிரி நிதானமாக இங்கிலீஷில் சொன்னாள். உங்கள் தம்பி செவ்வாய்க்கிழமையே வந்தார். உங்களுக்கு உடம்புக்கு முடியவில்லை, கையெழுத்து அவரே போடுவார் என்றார். மறுநாள் நீங்கள் கோயில் கோயிலாகப் போயிருப்பதாகச் சொன்னார். நேற்று, நீங்கள் ஊருக்கே போய்விட்டீர்கள் என்றார். அப்பாஜி ஒப்புக்கொள்ளவே இல்லை. அந்த அம்மா இந்த இடத்தில் நின்று, போய்விட்டு வருகிறேன் என்று கைகூப்பிச் சொன்னாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். சொன்னவள் வருவாள், வந்த பிறகு பேசலாம் என்று தினமும் உங்கள் தம்பியைத் திருப்பி அனுப்பினார். தினமும் உங்களுக்கும் சேர்த்து டீ வரும். ஆறிப்போய் நான் கொட்டுவேன்.

'போயிட்டு வர்றேன்.' எதிர்வீட்டுக்குப் போனாலும் சொல்வோம், துணிக்கடையில் சொல்வோம், மறுபடி ஜென்மத்துக்கும் கால் வைக்கப் போகாத ஆபீசிலும் சொல்வோம். அதை நான் அப்படியே இந்தியில் பெயர்த்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இந்த மனுஷர் அதை வாக்கு என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

தரணி, "அண்ணி, அது வந்துங்க, நான் என்ன சொல்றேன்னா..." என்று ஆரம்பித்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த கவுனை எடுத்துக் கழுத்தைத் திருப்பினேன். புது லேபிள். 'டி.டி. கிட்ஸ்'. வெள்ளை நூல். அதன் ஓரத்தில் பழைய ஊசித் துளைகள் வரிசையாக அப்படியே இருந்தன. பிரித்த அவசரத்தில் ஒரு இடத்தில் துணியையும் கடித்திருந்தான். என் கத்தரியால்தான்.

பெரியவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். லேபிளைக் காட்டி, இது என்ன பெயர், கம்பெனி தன் பெயருக்கு மாறிவிட்டது என்று இவர் சொல்கிறாரே என்று ஜஸ்லீன் மூலம் கேட்டார். என்னையும் தரணியையும் மாறி மாறிப் பார்த்தார். தரணியின் காது சிவந்துகிடந்தது. சின்ன வயதில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் அவனுக்குக் காதுதான் சிவக்கும்.

எனக்குள்ளே ஆத்திரம் கொதித்தது. நாலு பேர் முன்னால் அறைந்துவிடலாம் போல இருந்தது. ஆனால் வாய் தானாக வேறொன்று சொன்னது.

"கல்தி. டைலர் கல்தி." டைலர் செய்த தப்பு.

பையைத் திறந்து கத்தரியை எடுத்தேன். அந்த வெள்ளை நூலைப் பிரித்தேன். பர்சில் எப்போதும் நாலைந்து லேபிள் கிடக்கும், ஊசியும் சிவப்பு நூலும் இருக்கும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து 'சின்னக்கண்ணு'வைத் தைத்தேன். உள்ளே மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. தையல் கோணலாகத்தான் வந்தது. நம் கம்பெனியில் அந்தத் தையலைச் செக்கிங்கில் தூக்கிப் போட்டிருப்பேன்.

பெரியவர் கவுனை வாங்கிப் பார்த்தார். டைலர் கதையை அவர் நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது. தரணியை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு டீ டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, திங்கட்கிழமை காலையில் லோஹ்ரிப் பண்டிகை, நல்ல நாள், அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார். பெஹன்ஜி பெயரில், அதாவது என் பெயரில், 'சின்னக்கண்ணு' பெயரில்.

டீ சூடாக இருந்தது. குடிக்கத்தான் முடியவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

ராத்திரி பூராவும் தூக்கமில்லை. காலையில் ஹோட்டல் சாப்பாட்டு அறையில் எதிரே வந்து உட்கார்ந்தான். ஷேவ் பண்ணவில்லை.

"திட்டீருங்க அண்ணி. சும்மா இருக்காதீங்க."

"எதுக்குடா?"

"எத்தன வருசமா அர்த்தநாரி தம்பி, அர்த்தநாரி தம்பின்னே ஊரு கூப்புடுது. எம்பேரு ஒருத்தனுக்குத் தெரியாது. இந்தப் பார்ட்டியப் புடிச்சது நானு. பேசுனது நானு. அண்ணன் இனி எந்திரிக்க மாட்டாரு. கம்பெனி நாளைக்கு உங்க புள்ளைக்குப் போவும். அப்பறம் நான் ஆருங்க?"

அவன் சொன்னதில் முழுப் பொய் இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

"எங்கிட்ட வாயத் தொறந்து கேட்டிருந்தா பாதிய எழுதிக் குடுத்திருப்பனே தரணி. உங்கண்ணன் முழுசையும் குடுன்னு சொல்லியிருப்பாரு. என்னையத் தெனமும் சாமி கும்புட அனுப்பிப்போட்டு..."

இட்லி என்று எதையோ வைத்திருந்தார்கள். இருவரும் தொடவில்லை.

பொங்கலுக்கு ஊருக்கு வரவில்லை என்றான். அண்ணன் முகத்தில் விழிக்க முடியாதாம். அவரிடம் சொல்லிவிடாதீர்கள் என்றான். நான் சொல்லப் போவதில்லை. அவனுக்காக இல்லை. தம்பி பெயரைக் கேட்டால் வருகிற அந்தச் சிரிப்பு ஒன்றுதான் இவருக்கு மிச்சம்.

ஜனவரி 13, திங்கள். சண்டிகர் விமான நிலையம்

ஆகிவிட்டது. காலையில் கையெழுத்துப் போட்டேன். உடனே மகளுக்குப் போன் போட்டு, "அப்பாகிட்ட ஆச்சுன்னு சொல்லு" என்றேன். அவர் காதில் அவள் கத்தியது எனக்கும் கேட்டது.

மில் முற்றத்தில் லோஹ்ரிக்கு விறகு அடுக்கி வைத்திருந்தார்கள். சாயங்காலம் கொளுத்துவார்களாம். நம் ஊரில் விடிகாலையில் போகி கொளுத்தி முடித்திருப்பார்கள். பெரியவர் வேர்க்கடலையும் எள்ளு மிட்டாயும் அள்ளி என் பையில் கொட்டினார். அவர் கொள்ளுப்பேரனுக்கு இது முதல் லோஹ்ரி. கோணல் தையல் போட்ட அந்தக் கவுனைத்தான் ஸ்வெட்டருக்குள் போட்டிருந்தார்கள். சிவப்பு நூல் கழுத்தில் எட்டிப் பார்த்தது.

கிளம்பும்போது பெரியவர் ஒரு விரலை உயர்த்திக் காத்திருந்தார். நான் சொன்னேன், "ஹம் ஜாக்கே ஆத்தா ஹை."

"ஆத்தி ஹூம்" என்று ஜஸ்லீன் திருத்தினாள். பெண்பிள்ளை அப்படித்தான் சொல்ல வேண்டுமாம். திருத்திச் சொன்னேன். இந்தத் தடவை அர்த்தம் தெரிந்தே சொன்னேன். வருவேன்.

ஹோட்டலுக்குத் திரும்பி, தரணிதான் பெட்டியைக் கீழே இறக்கி வண்டியில் வைத்தான். சால்வையைச் சரியாகப் போர்த்திக்கொள்ளச் சொன்னான். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொன்னான். எல்லாம் எப்போதும்போலச் செய்தான், அதனால் பார்க்கவே முடியவில்லை.

உட்கார்ந்து கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடியை இறக்கினேன்.

"போறேன், தரணி."

ஒரு நிமிஷம் அவனுக்கு விளங்கவில்லை. பிறகு முகம் வெளுத்துவிட்டது. ஓடிவந்து கண்ணாடி விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணி, அப்புடிச் சொல்லாதீங்க. போயிட்டு வர்றேன்னு சொல்லுங்க."

மூன்றாம் வகுப்புப் பையன் குரல் அது. எனக்கு வாய்வரை வந்தது. முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத மனிதரிடம், தப்பு இந்தியில் அவ்வளவு சுலபமாகச் சொன்னேன். வளர்த்த பிள்ளையிடம் சொல்ல வரவில்லை.

அவன் கையை எடுக்கும்வரை காத்திருந்து கண்ணாடியை ஏற்றினேன். ஜக்தார் வண்டியை எடுத்தார்.